சப்மிட் அழுத்தும் முன்: முதல் ஆய்வுக் கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பிஎச்.டி.க்குப் பதிவு செய்பவர்கள் எல்லோருக்கும் ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள்’ என்ற இரண்டு கிரெடிட் பாடத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டாயமாக்கியிருக்கிறது. நானும் படித்தேன், தேர்வும் எழுதினேன். ஆனால் முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, யாரிடம் எந்தக் கையெழுத்து வாங்க வேண்டும், எந்தக் காகிதம் முதலில் வேண்டும், பணம் எந்தக் கட்டத்தில் கேட்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. இதழ்களின் விதிப் பக்கங்களைப் படித்தும், சீனியர்களிடம் கேட்டும், பதில் வராத மின்னஞ்சல்களுக்கு மறுபடி எழுதியும்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் அதே இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதழின் இணையதளத்தில் சப்மிட் பொத்தானை அழுத்தும்வரை பெயர் வரிசை, தலைப்பு, இதழ் என எதை வேண்டுமானாலும் செலவில்லாமல் மாற்றலாம். அழுத்திய பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளக்கம், கையெழுத்து, காத்திருப்பு. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பொத்தானுக்கு முந்தைய வேலைகளைப் பற்றியதுதான்.

1. உங்களுக்குப் பொருந்தும் விதியை எழுத்தில் வாங்குங்கள்

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி தன் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன. நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதியா, இப்போதைய விதியா என்பதிலும் குழப்பம் வரும். ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: பதிவு எண், பதிவு செய்த தேதி, துறை, எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் உள்ள இதழ், ஏற்புக் கடிதம் போதுமா அல்லது அச்சில் வந்தாக வேண்டுமா. வருகிற பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னது ஆய்வேடு கொடுக்கும் நாளில் உதவாது.

தரமான இதழ்கள் என்று யுஜிசி தொகுத்திருந்த ‘யுஜிசி கேர்’ பட்டியல் பற்றி இன்னும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக யுஜிசி 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இதழை எடைபோட உதவும் அளவுகோல்களைக் கொடுத்து, முடிவெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடம் விட்டிருக்கிறது. ஆகவே இன்றும் ‘யுஜிசி கேர் அங்கீகாரம்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டு, வாட்ஸ்அப்பில் கட்டுரை கேட்கும் இதழை நம்ப வேண்டாம்.

2. மனிதர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வா? தரவு எடுப்பதற்கு முன்பே அனுமதி

முதல் கட்டுரை எழுதுவோர் அதிகம் உடைந்துபோகும் இடம் இது. எல்லா வேலையும் முடிந்து கட்டுரையை அனுப்பும்போது, ‘நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி எண், தேதி’ என்று படிவம் கேட்கும். அனுமதித் தேதி, தரவு எடுத்த முதல் நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பழைய தேதியிட்டு எந்த நேர்மையான குழுவும் அனுமதி தராது. நல்ல இதழ் அந்தக் கட்டுரையை வாசிக்காமலே திருப்பிவிடும்.

மருத்துவத் துறைக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் வினாத்தாள் கொடுத்தாலும், தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தாலும் இதழ் கேட்கக்கூடும். உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்தான் அடிப்படை. மருந்து அல்லது சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து, தொடங்கிவிட்ட சோதனைகளை அங்கே பின்னோக்கிப் பதிவு செய்ய முடியாது.

குழுவுக்குப் பொதுவாகக் கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், வினாத்தாள், நெறியாளர் கையெழுத்து, உங்கள் தன்விவரம். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வேண்டும். தமிழ்ப் படிவத்தை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்த சான்றையும் சில குழுக்கள் கேட்கும். கல்லூரிக் குழுக்கள் நினைத்தபோதெல்லாம் கூடுவதில்லை. கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கல்லூரியில் குழுவே இல்லையென்றால், அருகிலுள்ள வேறு நிறுவனத்தின் குழு ஏற்குமா என்று நெறியாளர் மூலம் முன்கூட்டியே கேளுங்கள்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒப்பாரி பாடிக் காட்டிய அம்மாவிடம், ஒலிப்பதிவு செய்யலாமா, பெயரும் ஊரும் கட்டுரையில் வரலாமா, புகைப்படம் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். அவர்கள் தந்த பாட்டுதான் நம் ஆய்வு. இந்த மரியாதையைச் செய்யாமல் அதைத் தொடக்கூடாது.

3. யார் பெயர், எந்த வரிசை: ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்களுக்கான சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் இன்று மருத்துவத்துக்கு வெளியிலும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியதிலோ, ஆழமாகத் திருத்தியதிலோ பங்கு வேண்டும். இறுதிப் பிரதிக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்து பொருந்தினால்தான் பெயர். ஆய்வகத்தைத் திறந்து விட்டவர், கருவி கொடுத்தவர், துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்க்க முடியாது. அவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது.

ஏட்டில் இது எளிது, துறையில் கடினம் என்று எனக்கும் தெரியும். நாங்கள் ஒரு கட்டுரையைத் திருத்தி அனுப்பும் கட்டத்தில் இருந்தபோது, இன்னொருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி நெருக்கடி வந்தது. சேர்ப்பதற்கான காரணத்தையும் கட்டுரையாசிரியர்கள் அனைவரின் கையெழுத்தையும் இதழ் கேட்டது. ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. துறை வல்லுநர்களின் மதிப்பீடு முடிந்திருந்தும் கட்டுரை மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. இதுபோன்ற சமயங்களில் இதழ்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ‘கோப்’ எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழு படிப்படியான வரைபடங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. ஒருமுறை அந்த வரைபடங்களைப் பாருங்கள். இதழ் ஏன் கையெழுத்து கையெழுத்தாகக் கேட்கிறது என்பது புரியும்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாள் தயாரியுங்கள். கட்டுரையின் தற்காலிகத் தலைப்பு, பெயர்கள், வரிசை, ஒவ்வொருவரும் செய்த அல்லது செய்யப்போகும் வேலை, தொடர்புக்கான கட்டுரையாசிரியர் யார், வெளியீட்டுக் கட்டணம் வந்தால் யார் கட்டுவது. யார் என்ன வேலை செய்தார் என்பதைக் குறிக்கும் ‘கிரெடிட்’ (CRediT) என்ற வகைப்பாட்டில் 14 பங்களிப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன; பல இதழ்கள் அதையே கேட்பதால் அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். நெறியாளரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு: “சார், இதழ் படிவத்தில் எல்லாருடைய பங்களிப்பும் கேட்பாங்க, இப்பவே நிரப்பி வைச்சிடலாமா?” என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கட்டுரையில் முதல் பெயர் இவ்வளவு, இரண்டாம் பெயர் இவ்வளவு என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விலை பேசி விற்கிறார்கள். வாங்காதீர்கள். இப்படிக் காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் ‘ஆலை’களிலிருந்து வந்த கட்டுரைகள் கொத்துக் கொத்தாகப் பிடிபடுகின்றன. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற அறிவிப்பு கட்டுரையாசிரியர்களின் பெயரோடு இணையத்தில் நிரந்தரமாக நிற்கும்.

4. ஒப்புமைச் சோதனை: சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்

யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்கு (ஏற்கெனவே வெளியானவற்றோடு ஒத்துப்போகும் அளவுக்கு) தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வெளியான கட்டுரைகளுக்குத் தனி அடுக்கு உண்டு. ஆசிரியப் பணியில் இருப்பவர் என்றால் ஊதிய உயர்வும், நெறியாளராக இருக்கும் உரிமையும் பாதிக்கப்படும். மேற்கோள் காட்டி எடுத்தவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் 14 சொற்கள் வரை விலக்கு.

சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ‘சோத்சுத்தி’ திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நூலகத்தில் கேளுங்கள். ஜெராக்ஸ் கடையிலும், முகம் தெரியாத இணையதளங்களிலும் கட்டுரையைக் கொடுத்துச் சோதிப்பது ஆபத்து. உங்கள் கோப்பு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இரண்டு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை மென்பொருள் தமிழாகவே படிக்காது; அது காட்டும் பூஜ்ஜியத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும், நம் அச்சுப் புத்தகங்களில் பெரும்பகுதி அந்தத் தரவுத்தளங்களில் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரையை மதிப்பிடும் பேராசிரியர் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார். ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழில் பெயர்த்துத் தன்னுடையதாகப் போடுவதும் திருட்டுதான், மென்பொருள் கண்டுபிடிக்காவிட்டாலும்.

சதவீதத்தைக் குறைக்க வாக்கியம் மாற்றும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் ‘பிரெஸ்ட் கேன்சர்’ அந்தக் கருவிகளின் கையில் ‘புஸம் பெரில்’ (bosom peril, அதாவது ‘மார்பு ஆபத்து’) ஆகிவிடுகிறது. இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடியே கட்டுரைகளைப் பிடிக்கும் முறையை கில்யோம் கபானாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-இல் உருவாக்கிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியை மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால் எந்தக் கருவி, எதற்கு என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். அதைக் கட்டுரையாசிரியராகப் போட முடியாது என்று கோப் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது கொடுக்கும் துணைநூல்களில் இல்லாத கட்டுரைகளும் வரும். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) நீங்களே திறந்து பாருங்கள்.

5. இதழைத் தேர்ந்தெடுத்தல்: ஒரு நாள் முழுதும் செலவிடுங்கள்

போலி இதழை அடையாளம் காண, பட்டியலைத் தேடி ஓடுவதைவிட நீங்களே சோதிப்பது நல்லது. நான் செய்யும் வரிசை இது.

இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணை முதலில் எடுங்கள், எட்டு இலக்கம். ஐஎஸ்எஸ்என் தளத்தில் போட்டு, இதழின் பெயரும் பதிப்பகமும் ஊரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இந்த எண் தரச்சான்று கிடையாது. விண்ணப்பிக்கும் பருவ இதழ்களுக்கெல்லாம் கிடைக்கும் அடையாள எண், அவ்வளவே. பிறகு ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கத்தில் அதே எண்ணைத் தேடுங்கள்; பணம் கட்டாமலே பார்க்கலாம். எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ‘சேர்ப்பது நிறுத்தப்பட்டது’ என்றிருந்தால் இன்று நீங்கள் வெளியிடும் கட்டுரை அதில் வராது. ‘ஸ்கோபஸ் இதழ்’ என்று அழைப்பவர்கள் பலர் மறைப்பது இந்த வரியைத்தான். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி இன்னொரு தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். கூகுளில் முதலில் வரும் தளத்தை நம்பாதீர்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் குழு இத்தகைய திருட்டு இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறது, அதில் தேடுங்கள். பதிப்பாசிரியர் குழுவிலிருந்து இரண்டு பேரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்திலுள்ள மின்னஞ்சலுக்கு, “இந்த இதழின் குழுவில் நீங்கள் இருக்கிறீர்களா?” என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். அந்த ஒரு வாரம் உங்களுக்குச் சில வருடங்களை மிச்சப்படுத்தும்.

மூன்று நாளில் ஏற்பு, எந்தத் துறைக் கட்டுரையும் எடுத்துக்கொள்ளும் இதழ், ‘உலக இம்பாக்ட் ஃபேக்டர்’ போன்ற பெயரில் ஓர் எண், ஜிமெயில் முகவரி, யுபிஐ எண்: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே விலகிவிடுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்து கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுவது. வேறு யார் தருவதும் அது அல்ல. போலி மதிப்பீடு, மறைத்த கட்டணம் ஆகியவற்றுக்காக ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019-இல் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பெரிய அளவில் நடக்கும் வியாபாரம் இது, நம் பயத்தை நம்பி நடக்கும் வியாபாரம்.

6. பணம்

சந்தா இதழ்களில் கட்டுரையாசிரியர் பொதுவாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) நடத்தும் ‘பிரமாணா’ போன்ற இதழ்கள் கட்டுரையாசிரியரிடம் பணம் வாங்குவதில்லை. பெரிய பதிப்பகங்களின் திறந்த அணுக்க இதழ்களில் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல். மூவாயிரம், நாலாயிரம் டாலரும் சாதாரணம். வரியும் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் தனி.

கட்டணத் தள்ளுபடி வேண்டுமென்றால் சப்மிட் செய்யும்போதே கேளுங்கள்; ஏற்பு வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். தானாகக் கிடைக்கும் தள்ளுபடி நாடுகளின் வரிசையில் பல பதிப்பகங்கள் இந்தியாவைச் சேர்க்கவில்லை. தனியாகக் காரணம் எழுதிக் கேட்க வேண்டும்.

சந்தா முறையும் திறந்த அணுக்கமும் இரண்டும் உள்ள கலப்பு இதழ்களில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்பு வந்ததும் ஒரு படிவம் வரும்: சந்தா முறையா, திறந்த அணுக்கமா? அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்தால் சில ஆயிரம் டாலருக்கு பில் வந்துவிடும். சந்தா முறைக்குக் கட்டணம் இல்லை. அச்சில் வண்ணப் படத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் அதே படிவத்தில் பாருங்கள்.

மதிப்பீட்டுக்கு முன்பே பணம் கேட்கிற இடத்தில், சங்கம் நடத்தும் சில நல்ல இதழ்களின் சிறு சமர்ப்பிப்புக் கட்டணம் தவிர மற்றவற்றில், கவனமாக இருங்கள். அப்படிக் கேட்டால் அது இணையதளத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

7. அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டியவை

ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்; 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை). கவர் லெட்டர். பெயர்கள் நீக்கிய கட்டுரைப் பிரதியும் பெயர்ப் பக்கமும் தனித்தனியாக. நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம். நலன் முரண் அறிவிப்பு, நிதி அறிவிப்பு. தரவு எங்கே கிடைக்கும் என்ற வாக்கியம். பிறருடைய படம் அல்லது அட்டவணை இருந்தால் அனுமதிக் கடிதம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், முன்பே தொடங்குங்கள்.

மதிப்பீட்டாளர்களின் பெயர் கேட்டால் உங்கள் ஆய்வகத் தோழரையோ, நெறியாளரின் பழைய மாணவரையோ போடாதீர்கள். நிறுவன மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுங்கள். போலி முகவரிகள் மூலம் மதிப்பீடு நடந்ததற்காக சேஜ் பதிப்பகம் 2014-இல் ஓர் இதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகு இதழ்கள் இதில் மிகக் கறாராக இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் கூடாது.

8. காத்திருப்பும் மதிப்பீடும்

முதல் வடிகட்டலுக்கு ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம். மதிப்பீட்டாளர்களுக்குப் போனால் இரண்டு முதல் ஆறு மாதம். பிறகு திருத்தம், மறுபடியும் மதிப்பீடு. நல்ல இதழில் மொத்தம் ஒரு வருடம் ஆகும் என்றே திட்டமிடுங்கள். ஆய்வேட்டுக் கெடுவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது தொடங்குபவர்கள்தான் போலி இதழ்களிடம் போய் விழுகிறார்கள். மூன்று மாதம் சத்தமே இல்லையென்றால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

மதிப்பீட்டாளர் தன் கட்டுரைகளையே ஐந்தாறு மேற்கோள் காட்டச் சொன்னால், பொருத்தமானதை மட்டும் சேருங்கள். மீதி ஏன் சேர்க்கவில்லை என்று பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள். அதற்காகக் கட்டுரையை மறுக்கும் பதிப்பாசிரியரை நான் கண்டதில்லை.

9. திரும்பப் பெற வேண்டுமானால், திருத்த வேண்டுமானால்

நல்ல இதழிலிருந்து கட்டுரையை விலக்கிக்கொள்ள வேண்டுமென்றால் எல்லாரும் சம்மதித்த மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘விலக்கப்பட்டது’ என்று பதில் வந்த பிறகே வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

போலி இதழில் தெரியாமல் கொடுத்துவிட்டவர்களிடம் விலக்கல் கட்டணம் கேட்டு மிரட்டுவார்கள். கட்டாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-வது பிரிவுப்படி, உரிமை கைமாற உங்கள் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். நீங்கள் படிவத்தில் கையெழுத்திடவில்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டி, கட்டுரையை விலக்கிக்கொள்கிறேன், வெளியிட அனுமதி இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பி அதன் நகலை வைத்திருங்கள். அதன் பிறகும் வெளியிட்டுவிட்டால், அடுத்து அனுப்பும் இதழின் பதிப்பாசிரியருக்குக் கவர் லெட்டரிலேயே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் இரட்டை வெளியீடு என்று ஆகிவிடும்.

வெளியான கட்டுரையில் பிழை தெரிந்தால் பதறாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். முடிவை மாற்றாத பிழைக்குத் திருத்த அறிவிப்பு போடுவார்கள். அது உங்கள் பெயருக்கு இழுக்கு அல்ல. சக கட்டுரையாசிரியர்களை நகலில் வைத்துப் பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள்: டிஓஐ எண், எந்த அட்டவணை, எந்த வரிசை, அச்சான மதிப்பு, சரியான மதிப்பு, முடிவு மாறுகிறதா இல்லையா. மூலத் தரவுக் கோப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அடுத்த மின்னஞ்சலிலேயே கேட்பார்கள்.